விலாசம் நம் பெயரில் இருக்கட்டும்

பழைய மொத்த வியாபாரக் கடைகளின் கடிதத் தாளை எடுத்துப் பார்த்தால், தலைப்பில் கடையின் பெயர், தெரு, ஊர், போன் நம்பர் ஆகியவற்றோடு 'தந்தி' என்று போட்டு ஒரே ஒரு சொல் அச்சாகியிருக்கும். தந்தி ஆபீசில் கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொண்ட சுருக்க விலாசம் அது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே நீண்ட முகவரியை எழுதாமல் அந்த ஒரு சொல்லையும் ஊர்ப் பெயரையும் எழுதினால் போதும், சேதி கடைக்கு வந்து சேர்ந்துவிடும். ஓர் ஊரில் அந்தச் சொல் ஒருவருக்குத்தான். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நின்றது. அந்த ஒற்றைச் சொல் விலாசமும் அதோடு போயிற்று.

ஆனால் அதே ஏற்பாடு வேறு உருவத்தில் நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. இன்டர்நெட்டில் ஒரு கடைக்கு இருக்கும் தளப்பெயர், அதாவது 'டொமைன்', தந்தி விலாசத்தின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். இதற்கும் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். இதுவும் ஒருவருக்கு மட்டுமே உரியது. இதையும் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். ஒரே வித்தியாசம், தந்தி விலாசம் ஓர் ஊருக்குள் மட்டும் செல்லும், இது உலகம் முழுவதும் செல்லும்.

தந்தி விலாசத்தைக் கடையின் சொத்தாகப் பாதுகாத்த நம் வணிக சமூகம், இந்தப் புதிய விலாசத்தை யாரோ போட்டுக் கொடுக்கும் விளம்பரப் பலகையைப் போலவே நடத்தி வருகிறது. இது சரியல்ல என்பது என் கருத்து.

விற்கப்படும் வாக்குறுதி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் இன்று வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று இளைஞர்கள் வருகிறார்கள். நாணயமாக வேலை செய்கிறவர்கள் அவர்களில் பலர் உண்டு. ஆனால் சிலர் சொல்லும் ஒரு வாக்குறுதியை மட்டும் நாம் எச்சரிக்கையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். "ஊர்ப் பெயர், சரக்கின் பெயர், மொத்த வியாபாரம் எல்லாவற்றையும் சேர்த்து முகவரியிலேயே வைத்துவிடுகிறோம். யார் கூகுளில் பொன்னி அரிசி என்று தேடினாலும் உங்கள் கடைதான் முதலில் வரும்" என்பதே அது. இதற்குத் தனிக் கட்டணமும் கேட்கிறார்கள்.

இந்த வாக்குறுதியை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, ஒரு வணிகருக்கு இன்டர்நெட் முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தையல்ல. தபால் முகவரியைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் கால் மணி நேரத்தில் பிடிபடும்.

முகவரியைப் படிக்கும் முறை

1972 ஆகஸ்ட் 15 அன்று தபால் இலாகா பின்கோடு முறையைக் கொண்டுவந்தது. தஞ்சாவூருக்கு 613001, கும்பகோணத்துக்கு 612001. முதல் எண்ணான 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய பெரும் வட்டத்தைக் காட்டும். அடுத்தடுத்த எண்கள் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசி மூன்று எண்கள் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீசைக் காட்டும். பெரியதிலிருந்து சிறியதற்குப் போகும் வரிசை இது.

இன்டர்நெட் முகவரியிலும் இதே வரிசைதான், ஆனால் முதல் பாதியை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். 'கடைப்பெயர் டாட் இன்' என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் உள்ள 'இன்' என்பது இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி. 2005-ல் இதைப் பொதுமக்கள் எல்லோரும் பதிவு செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். நிக்சி என்ற அமைப்பு இதை நிர்வகிக்கிறது. அதற்கு இடப்பக்கம் உள்ள 'கடைப்பெயர்' என்பதுதான் நாம் பதிவு செய்யும் சொல். அதற்கும் இடப்பக்கத்தில் 'அரிசி டாட் கடைப்பெயர் டாட் இன்' என்பதுபோல் வேறு சொல் இருந்தால், அது சொந்தக்காரர் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் கிளை. இங்கே யாரும் எந்தச் சொல்லையும் போடலாம், பதிவு தேவையில்லை.

இதற்குப் பிறகு ஒற்றைச் சாய்கோடு ஒன்று வரும். அதுவரை கடையின் முகவரி. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது கடைக்குள்ளே அலமாரியும் தட்டும். 'கடைப்பெயர் டாட் இன் / அரிசி / சீரக-சம்பா' என்றால், கடைக்குள் போய், அரிசிப் பகுதியில், சீரக சம்பா வைத்திருக்கும் தட்டு என்று பொருள். இந்தப் பகுதியை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்வதால் தேடலுக்கு மட்டுமல்ல, பணப்பெட்டிக்கும் பாதுகாப்பு உண்டு. வங்கியின் பெயரைக் கிளைப் பகுதியில் வைத்துவிட்டு, வலப்பக்கத்தில் வேறு யாருடைய பெயரையோ வைத்து வரும் மோசடி லிங்குகள் இதனால்தான் பலிக்கின்றன. நாம் இடப்பக்கத்தில் வங்கிப் பெயரைக் கண்டதும் நம்பிவிடுகிறோம், சாய்கோட்டுக்கு முன்னால் வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ரிசர்வ் வங்கியே இதைக் கருதித்தான் 2025 பிப்ரவரியில் வங்கிகளுக்கென்று 'பேங்க் டாட் இன்' என்ற தனிப் பகுதியை அறிவித்து, 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்கும் இதே உத்தரவுதான், பெரிய அரசு வங்கிகளுக்கும் இதே உத்தரவுதான். முகவரியின் வால் பகுதியைப் பார்த்தே உண்மையான வங்கியா என்று தெரிந்துகொள்ளலாம் என்பது இதன் நோக்கம்.

முதலிடம் எதனால் கிடைக்கிறது?

இப்போது வாக்குறுதிக்கு வருவோம். முகவரியில் சரக்கின் பெயரைத் திணித்தால் தேடலில் முதலிடம் கிடைக்குமா?

ஒரு காலத்தில் ஓரளவு கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. மக்கள் தேடும் சொற்களையே தளப்பெயராக வாங்கி வைத்து, உள்ளே உருப்படியாக ஒன்றும் இல்லாமல் கூட்டம் சேர்த்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 2012 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் தன் கணக்கீட்டை மாற்றி, உள்ளடக்கம் இல்லாத இத்தகைய பெயர்கள் மேலே வராதபடி செய்தது. இப்போது அந்த நிறுவனம் தளம் நடத்துவோருக்காக வெளியிட்டிருக்கும் தொடக்கக் கையேட்டில், தளப்பெயரிலோ சாய்கோட்டுக்குப் பின்னாலோ தேடுசொற்களை வைப்பதால் மட்டும் வரிசையில் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. சரக்கை விற்கும் கம்பெனியே 'இதில் பலன் இல்லை' என்று சொன்ன பிறகு, அதை நமக்கு யாரேனும் தனி விலைக்கு விற்றால் நாம் வாங்க வேண்டுமா?

அக்கம்பக்கத்துக் கடைகளைக் காட்டும் தேடலில் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக அந்நிறுவனம் சொல்கிறது. தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து கடை இருக்கும் தூரம், கடைக்கு இருக்கும் பேர். இதில் தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. எந்தெந்த அரிசி இருக்கிறது, புழுங்கலா பச்சையா, புதிதா பழையதா, எத்தனை கிலோ மூட்டை, எந்த ஊருக்கு லாரி போகிறது, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதி வைத்தால் பொருத்தம் கூடும். வாங்கியவர்கள் நல்லபடியாகச் சொன்னால் பேர் கூடும். பலகையில் 'உயர்தரம்' என்று எழுதியதால் எந்த அரிசியும் உயர்தரமாகிவிடவில்லை என்பது நமக்குத் தெரியாததா?

அப்படியானால் முகவரி எப்படி இருந்தால் என்ன?

அப்படிச் சொல்லிவிட முடியாது. முகவரியால் கிடைக்கும் பலன் கணக்கீட்டில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் கூகுள் தேடலில் செல்போன் திரையில், சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளவற்றைக் காட்டாமல் தளப்பெயரை மட்டுமே காட்டுகிறார்கள். நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் செல்போனில் தேடுகிறவர்கள். ஆகவே பத்து முடிவுகள் வரிசையாக நிற்கும்போது வாடிக்கையாளரின் கண்ணில் படுவது தலைப்பும் அந்த ஒரு பெயருமே. அது தெரிந்த கடையின் பெயராக இருந்தால் கை அங்கே போகும். ஐந்து சொற்களைக் கோத்த நீண்ட வாலாக இருந்தால் அதை நம்பத் தயங்குவார்கள்.

பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். சீரக சம்பாவை 'எஸ்' போட்டு எழுதுகிறவர் ஒருவர், 'ஜே' போட்டு எழுதுகிறவர் இன்னொருவர். வெற்றிலையில் எத்தனை 'டி' என்பதில் ஒற்றுமை கிடையாது. நம் ஊரே தஞ்சாவூர், தஞ்சை, டான்ஜோர் என்று மூன்று பெயரில் உலவுகிறது. அரசாங்கமே 2020-ல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி வெளியிட்டது. ஆனால் பலத்த விமர்சனம் எழுந்து, அதே ஜூன் மாதத்தில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அரசாங்கத்தாலேயே தீர்க்க முடியாத சிக்கலைத் தளப்பெயரில் நாம் வலிய இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம். இருவிதமாக எழுத வாய்ப்புள்ள சொல்லைக் கூடியவரை தவிர்க்கலாம். கடையின் பெயரே அப்படி அமைந்திருந்தால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம்.

தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று அன்பர்கள் கேட்கலாம். வைத்துக்கொள்ளலாம். 'டாட் இந்தியா' என்பதைத் தமிழ் எழுத்திலேயே கொண்ட பகுதி இருக்கிறது. சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும்கூடத் தமிழில் உண்டு. நம் மொழிக்குக் கிடைத்த இந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது என்பதே என் விருப்பமும். ஆனால் நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாய்கோட்டுக்குப் பின்னால் தமிழ் எழுத்தை வைத்து, அந்த முகவரியை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, பல சமயங்களில் அது குறியீடுகளாக உடைந்துவிடுகிறது. உயிரெழுத்து, மெய், துணைக்குறி ஒவ்வொன்றுக்கும் ஒன்பது குறிகள். 'அரிசி' என்ற சின்னச் சொல் 45 குறிகளாக நீண்டுவிடும். தேடுபொறிக்கு இது புரியும், ஆனால் பார்க்கிற வாடிக்கையாளர் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார். ஆகவே தமிழ்த் தளப்பெயரையும் பதிவு செய்துகொண்டு, உள்ளே உள்ள பக்கங்களின் முகவரியை மட்டும் எளிய ஆங்கில எழுத்தில் வைப்பது இன்றைக்கு உத்தமம். பக்கத்தில் எழுதும் விஷயம் தாராளமாகத் தமிழில் இருக்கட்டும். சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு போடாமல் இடைக்கோடு போட வேண்டும் என்பதும் கூகுள் கூறும் ஆலோசனை.

மாறாததைக் கொண்டு பெயர் வையுங்கள்

மயிலாடுதுறையில் ஒரே கட்டடத்தில் மூன்று தலைமுறையாக நடக்கும் கடையை நினைத்துப் பாருங்கள். 1991 வரை அது தஞ்சாவூர் மாவட்டம். அதன்பின் நாகப்பட்டினம் மாவட்டம். 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறையே தனி மாவட்டம். கடை ஓர் அங்குலம் நகரவில்லை, மாவட்டம்தான் இரண்டு முறை மாறியது. பின்கோடு அதே 609001.

தளத்துக்குள் முகவரி அமைக்கும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும். விலை, வருஷம், மூட்டை அளவு, சலுகை ஆகிய மாறக்கூடிய எதையும் முகவரியில் சேர்க்கக் கூடாது. பொங்கல் மளிகைப் பட்டியலுக்கு ஆண்டுதோறும் வருஷத்தைப் போட்டுப் புதுப் பக்கம் திறப்பதைவிட, 'பொங்கல்' என்று ஒரே பக்கத்தை வைத்து உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்வது நல்லது. போன வருஷம் அந்த லிங்கைச் சேமித்து வைத்திருந்த சென்னை வாடிக்கையாளரும், சிங்கப்பூரில் இருக்கும் உறவினரும் இந்த வருஷமும் அதே வாசலில் வந்து நிற்பார்கள். சம்பா அறுவடை தை, மாசியில்தான். மாப்பிள்ளை சம்பாவும் தூயமல்லியும் கையிருப்பு தீர்ந்த மாதங்களில் அந்தப் பக்கத்தையே நீக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. 'இருப்பு இல்லை, தை மாதம் வரும்' என்று எழுதிப் பக்கத்தை அப்படியே விட வேண்டும். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடி மீட்ட 'நெல்' ஜெயராமன் போன்றோரின் உழைப்பால் இன்று இந்த அரிசியை ஊர் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கேட்டு வருகிறவருக்குப் பூட்டிய கதவைக் காட்டலாமா?

தவிர்க்க முடியாமல் முகவரியை மாற்ற நேர்ந்தால், நம் தெருக்களில் செய்வதையே அங்கும் செய்ய வேண்டும். முனிசிபாலிட்டி கதவு எண்ணை மாற்றினால் 'புதிய எண், பழைய எண்' என்று இரண்டையும் எழுதி வைக்கிறோம் அல்லவா? அதுபோலப் பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்குத் தானாக அனுப்பும் நிரந்தரத் திருப்பம் உண்டு. தொழில்நுட்பக்காரர்கள் இதை '301' என்பார்கள். குறைந்தது ஓராண்டாவது அதை வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கூறுகிறது. வெப்சைட்டைப் புதுப்பித்துத் தருபவரிடம் "பழைய பக்கங்களுக்கெல்லாம் 301 போட்டாயிற்றா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இதைச் செய்யாததால், பல வருஷம் சேர்த்த பேர் ஒரே இரவில் போய்விடும்.

வாடகை வாசல்

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முகவரி யாருடையது?

2017-ல் கூகுள் நிறுவனம் சிறு வணிகர்களுக்கு இலவச வெப்சைட் வசதியைக் கொடுத்தது. செல்போனிலேயே சில நிமிடங்களில் அமைத்துக்கொள்ளலாம். முகவரி 'கடைப்பெயர் டாட் பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். நாம் மேலே பார்த்தபடி வலப்பக்கத்திலிருந்து படித்தால், அது கூகுளின் இடம், கடைப்பெயர் அதில் ஒரு கிளை. 2024 மார்ச்சில் இந்த வெப்சைட்டுகள் அனைத்தும் மூடப்பட்டன. பழைய முகவரிக்கு வந்தவர்களைக் கடையின் கூகுள் விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் அவ்வருஷம் ஜூன் 10 வரைதான். அதன்பின் அந்த முகவரியைப் பையிலும் பில்லிலும் அச்சடித்து வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் மை.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலவசமாகக் கொடுத்தவர் எடுத்துக்கொண்டார். பிறர் திண்ணையில் கடை போட்டவர், வீட்டுக்காரர் சொல்லும்போது எழுந்திருக்கத்தான் வேண்டும். கூகுளின் விவரப் பக்கம், வியாபார டைரக்டரிகள், ஆன்லைன் சந்தைகள் எல்லாவற்றிலும் நாம் இருக்க வேண்டியதுதான், அவை கூட்டம் வரும் சந்தை. ஆனால் சந்தையில் பாய் விரிப்பவருக்கும் ஊரில் சொந்தமாக ஒரு கடை வேண்டும்.

சொந்தத் தளப்பெயருக்கு ஆண்டுச் செலவு சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைதான். மூட்டை அரிசி விலைகூட இல்லை. ஆனால் அதை யார் பெயரில் பதிந்தார்கள் என்று பாருங்கள். வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் தம் பெயரிலும் தம் இமெயிலிலும் பதிந்துவிட்டால், சட்டப்படி சொந்தக்காரர் அவர்தான். அவரோடு மனஸ்தாபம் வந்தாலோ, அவர் தொழிலை விட்டுவிட்டாலோ விலாசம் அவரோடு போய்விடும். புதுப்பிக்க மறந்தால் பெயர் ஏலத்துக்குப் போகும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே தடவையில் பத்து ஆண்டுகள் வரை கட்டி வைக்கும் வசதி இருக்கிறது.

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999-ல் 'சிஃபி' என்ற சொல்லை வைத்துத் தளப்பெயர்களைப் பதிவு செய்தது. 2001-ல் வேறொரு நிறுவனம் ஏறக்குறைய அதே ஒலியில் பெயர் வைத்துக்கொண்டது. வழக்கு பெங்களூர் சிவில் கோர்ட்டில் தொடங்கிச் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2004 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட், தளப்பெயர் வெறும் முகவரியல்ல, வணிகப் பெயரைப் போலவே நற்பெயரைச் சுமப்பது, அதைப் போலவே பாதுகாப்புக்கு உரியது என்று முடிவு செய்தது. செட்டிநாட்டு வணிகர்கள் 'விலாசம்' என்று சொன்னது தெருவையும் கதவு எண்ணையும் அல்ல, கடையின் முன்னெழுத்துக்களையே. அந்த எழுத்துக்களுக்குத்தான் ஊர் ஊராகக் கடன் கிடைத்தது. கோர்ட் 2004-ல் சொன்னதை அவர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இந்த வாரமே நான்கு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ள வேண்டுகிறேன். தளப்பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? எந்தத் தேதியில் முடிகிறது? புதுப்பிக்கும் இமெயிலும் பாஸ்வேர்டும் நம் கையில் இருக்கிறதா? பையில் அச்சடித்திருக்கும் முகவரி இன்றைக்கும் திறக்கிறதா?

நம் சங்கமும் உறுப்பினர்களின் தளப்பெயர்களுக்கு ஒரு பதிவேடு வைத்து, முடிவுத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நினைவூட்டலாம். லைசென்ஸ் புதுப்பிக்க நினைவூட்டுகிறோம், இதுவும் அதைப் போன்றதுதான். வெப்சைட் அமைப்பவர்களோடு செய்யும் ஒப்பந்தத்தில், பெயர் கடைக்காரரின் பெயரிலேயே பதிய வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி மாதிரிப் படிவம் தயாரித்துக் கொடுக்கலாம்.

முதலிடம் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் வருவார்கள், போவார்கள். தேடுபொறியின் கணக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நம் பெயரில், நம் கையில், மாறாமல் இருக்கும் விலாசம் ஒன்று இருந்தால், அந்த மாற்றங்களையெல்லாம் நாம் கடையில் உட்கார்ந்தபடியே சமாளித்துக்கொள்ளலாம்.